மஸ்கட்டிலிருந்து போட்ட மோட்டார்

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஆண்களுக்கு முடி கொட்டும், முட்டி வலிக்கும், கிட்டத்து எழுத்து மங்கும். இதையெல்லாம் டாக்டர்கள் சொல்லிவிடுவார்கள். நான்காவதாக ஒன்று வரும், அதை மட்டும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அது அவர்களுக்கும் இருக்கிறது. யார் எதைக் காட்டினாலும் 'இதென்ன பிரமாதம், எங்கிட்ட இதைவிட ஒண்ணு இருக்கு' என்று சொல்லியே தீரவேண்டும் என்கிற வியாதி. எனக்கு அது முற்றியிருந்த ஒரு வியாழக்கிழமைக் காலையில்தான் என் வயல் மோட்டாரை உலகத்துக்கே எழுதிக்கொடுத்தேன்.

கேஸ்கட் கழகத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். மிக்ஸி ஜாரில் கேஸ்கட் மாற்றுவது எப்படி என்று ஒரு யூடியூப் வீடியோ. அதன் கீழே, வெந்நீரில் போட்டு மாட்டுவதா தேங்காய் எண்ணெய் தடவி மாட்டுவதா என்று முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர் மூன்று நாள் சண்டை போட்டோம். வீடியோ போட்டவர் வெறுத்துப்போய்க் கமெண்ட்டை மூடிவிட்டார். நல்ல சண்டை பாதியில் நிற்கக்கூடாதே என்று வாட்ஸப்பில் கேஸ்கட் கழகம் என்று ஒரு குரூப் ஆரம்பித்தோம். இப்போது நாற்பத்து மூன்று பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. (புரொஃபைல் படத்தில் பாதிப் பேர் ரோஜாப்பூ, மீதிப் பேர் பேரக்குழந்தை.) ஃபிரிட்ஜ் ஏன் முனகுகிறது, ரிமோட்டைத் தட்டினால் ஏன் வேலை செய்கிறது, தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் போடலாமா என்று நாள் முழுக்க ஓடும். அரிசி விஷயத்தில் நான் தஞ்சாவூர்க்காரன் என்கிற திமிரில், எதுக்கு அரிசி, நெல் மூட்டைக்குள்ளேயே போடுங்கள் என்றேன். ஒருவர் நிஜமாகவே போட்டுவிட்டு எந்த மூட்டை என்று மறந்துபோனார். ரிங் விட்டுத் தேடலாமென்றால் போன் ஆஃப்.

இதில் மூன்று பேர் முக்கியம். மஸ்கட் ரவி, சொந்த ஊர் பட்டுக்கோட்டை, மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். யார் எதைச் சொன்னாலும் 'ஆதாரம்?' என்று ஒற்றை வார்த்தை போடுவார். சிங்கப்பூர் கலா மேடம், ரிட்டயரான டீச்சர். நாங்கள் அவரிடம் படிக்காத குறையைத் தினமும் தீர்த்துவைப்பார். மூன்றாவது பாலு, திருத்துறைப்பூண்டியில் செல்போன் ரிப்பேர் கடை. குரூப்பில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் என்பதால் அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை.

அன்று காலை எட்டு மணிக்கு ரவி ஒரு வீடியோ போட்டார். ஆபீசில் உட்கார்ந்தபடி போனைத் தொடுகிறார், வீட்டில் ஏசி ஓடுகிறது. உடனே கலா மேடம் தன் வீட்டில் திரைச்சீலை தானாக விலகுவதைப் போட்டார். குரூப்பே கைதட்டியது. எனக்கு வயிறு எரிந்தது. தஞ்சாவூரில் என் வீட்டில் தானாக நடக்கும் ஒரே காரியம் மாடித் தொட்டி நிறைந்து வழிவது.

அப்போதுதான் என் மோட்டார் ஞாபகம் வந்தது. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மன்னார்குடி தாண்டி ஒரு கிராமத்தில் ஒன்பது மா நிலம் (மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர்), அதில் ஒரு ஆழ்துளைக் கிணறு, அந்தப் போருக்கு மொபைல் ஸ்டார்ட்டர். அது ஒரு பெட்டி. உள்ளே ஒரு சிம் கார்டு. அந்த நம்பருக்குப் போன் போட்டால் ஒரு பெண் குரல் பேசும். ஒன்றை அமுக்கினால் மோட்டார் ஓடும், இரண்டை அமுக்கினால் நிற்கும், மூன்றை அமுக்கினால் கரண்ட் எவ்வளவு வருகிறது என்று சொல்லும். வேண்டியவர்கள் நம்பரை மட்டும் பதிந்து வைத்தால் அவர்கள் கூப்பிட்டால்தான் ஓடும். அப்படிப் பதியச் சொல்லி மாட்டிக்கொடுத்த எலக்ட்ரீஷியனும் சொன்னார், என் மனைவி வசந்தாவும் சொன்னாள். நான்தான், ஒரு அவசரத்துக்கு அடுத்தவர் போனை வாங்கிக் கூப்பிட்டாலும் ஓடட்டுமே என்று திறந்தே வைத்திருந்தேன். எங்கள் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் பாதிப் பேர் கேஸ்கட் கழகத்தில் இல்லை.

இணையம் இல்லாமல், ஆப் இல்லாமல், ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் என் மோட்டாரைச் சும்மா ஒரு போன் காலில் ஓட்டுவேன் என்று எழுதினேன். வழக்கம்போல 'ஆதாரம்?' என்று வந்தது. நீங்களே அடித்துப் பாருங்கள் என்று நம்பரைப் போட்டேன். நாற்பத்து மூன்று பேர் பார்க்கிற இடத்தில்.

பிறகு ரவியிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். எப்போதும் எரிந்து விழுகிற ஆள், மூன்று தடவை சார் போட்டிருந்தார். "சார்... மோட்டார் இயங்குகிறதுன்னு சொல்லுது சார். நான் இங்க பாலைவனத்துல நின்னுக்கிட்டு நம்ம ஊருல தண்ணி எறைக்கிறேன் சார்." கலா மேடம் சிங்கப்பூரிலிருந்து நிறுத்தினார். இன்னொருவர் போட்டார். இன்னொருவர் நிறுத்தினார். குரூப்பில் எனக்கு மாலை, பொன்னாடை, பட்டாசுப் பொம்மைகள். திரைச்சீலையை எவரும் சீந்தவில்லை. நான் மகாராஜா மாதிரி ஸ்கூட்டரில் ஏறிப் பள்ளிக்கூடம் போனேன். அன்று பரீட்சை. மேற்பார்வைக்குப் போகிறவர்கள் போனை ஆபீஸ் பீரோவில் வைத்துவிட வேண்டும். வைத்தேன்.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். செவ்வாய்க்கிழமை செல்வி அக்கா போன் செய்திருந்தார். என் வயலுக்குக் கீழ்ப்பக்கம் பன்னிரண்டு மா குத்தகைக்குச் சாகுபடி செய்பவர். தனியாளாக நின்று செய்கிறார். சம்பா முற்றித் தலை சாய்ந்து, வயலைக் காயப்போட்டிருந்தார். வியாழக்கிழமை நாலு மணிக்கு அறுப்பு மெஷின். டயர் மெஷின் என்பதால் தரை காய்ந்திருக்கவேண்டும், ஈரம் இருந்தால் இறங்காது, அடுத்த ஊருக்குப் போய்விடும். திரும்ப முறை வரப் பத்து நாளாகும். அதற்குள் சாய்ந்த கதிர் ஈரத்தில் முளைவிட்டுவிடும். என் மோட்டார் ஓடினால் தண்ணீர் போகும் வாய்க்கால் அவர் வரப்பை ஒட்டித்தான் போகிறது. அந்த வரப்பில் நண்டு வளை சல்லடையாக இருக்கும். அதனால் வெள்ளிக்கிழமை வரை மோட்டாரைத் தொடாதீங்க வாத்தியாரே என்றார். என் வயலில் அறுப்பு முடிந்து உளுந்து விதைத்துக் கிடந்தது, எனக்கும் தண்ணீர் வேண்டாம். நான் ஏன்க்கா தொடப்போறேன் என்றேன்.

சத்தியமாக நான் தொடவில்லை. மஸ்கட் தொட்டது. சிங்கப்பூர் தொட்டது. ரெண்டு நிமிஷத்தில் வாய்க்கால்கூட நனையாது என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொன்றே முக்காலுக்குப் பரீட்சை முடிந்து போனை எடுத்தால், குரூப்பில் இருநூறு மெசேஜ். செல்வி அக்காவிடமிருந்து பதினேழு மிஸ்டு கால். வசந்தாவிடமிருந்து ஆறு. அக்காவைக் கூப்பிட்டேன். மூச்சு வாங்கப் பேசினார்.

"வாத்தியாரே, உங்க மோட்டாருக்குப் பேய் பிடிச்சிருக்கா? ஓடுது, நிக்குது, ஓடுது. நான் மண்ணை வெட்டிப் போட்டு ஒரு வளையை அடைச்சா ரெண்டு வளை தொறக்குது."

என்ன நடந்ததென்று குரூப்பைப் படித்ததும் புரிந்தது. ஆளாளுக்கு ஆச்சரியத்தில் தங்கள் தங்கள் குடும்ப குரூப்பில் நம்பரைப் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து அடுக்ககம், வாக்கிங் நண்பர்கள், பஜனைக் குழு. போகிற வழியில் யாரோ ஒரு புண்ணியவான் மெசேஜைத் திருத்தியிருக்கிறார்: 'இந்த எண்ணை அழைத்து ஒன்றை அழுத்தினால் டெல்டாவில் ஒரு ஏழை விவசாயியின் வயலுக்குத் தண்ணீர் கிடைக்கும். உங்களுக்குச் செலவில்லை. பத்துப் பேருக்குப் பகிருங்கள்.'

குறும்புக்காரர்கள் கூப்பிட்டிருந்தால் ஒருவர் போட்டால் இன்னொருவர் நிறுத்தவும் செய்திருப்பார். இவர்கள் நல்லவர்கள். ஒன்றை மட்டும்தான் அமுக்குவார்கள். செல்வி அக்காவின் பன்னிரண்டு மாவை மூழ்கடிக்கக் கிளம்பியிருந்தது கருணை.

நான் கூப்பிட்டேன். பிஸி. பிஸி. ஒன்பதாவது தடவை கிடைத்தது. இரண்டை அமுக்கினேன். நின்றது. நெற்றியைத் துடைப்பதற்குள் அக்கா கூப்பிட்டு, மறுபடி ஓடுது என்றார். போர் செட்டைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன், சாவி என் இடுப்பில். பூட்டைக் கடப்பாரையால் பெயர்க்கட்டுமா என்று கேட்டார். சுற்றி ஈரம், உள்ளே கரண்ட். கிட்டேயே போகாதீங்க, நான் வர்றேன் என்றேன்.

தலைமையாசிரியரிடம் ஓடினேன். கோர்வையாகப் பேசத்தான் நினைத்தேன். வாயில் வந்தது, "சார், என் மோட்டாரை எல்லாரும் ஓட்டுறாங்க சார்." அவர் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். தண்ணீரைப் பார்த்ததும் நான் இன்னும் பதறியதைக் கண்டு அரை நாள் லீவு எழுதி அவரே கையெழுத்தும் போட்டார். (என் கையெழுத்தையும் சேர்த்து.) ஸ்கூட்டரை எடுக்கவில்லை. இருந்த பதற்றத்தில் எதிர்த்திசையில் வல்லம் பக்கம் போயிருப்பேன். மன்னார்குடி பஸ்ஸில் ஏறினேன்.

பஸ்ஸில் நின்றுகொண்டே குரூப்பில் கெஞ்சினேன். தயவுசெய்து யாரும் கூப்பிடாதீர்கள், ஒரு அக்காவின் பயிர் போய்விடும் என்று எழுதி, மெஷின் விஷயத்தையும் சொன்னேன். குரூப்பில் வரிசையாகத் தலைகுனிந்த பொம்மைகள் வந்தன. நாற்பத்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் வெட்கப்பட்டால் எப்படியிருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். நாங்கள் நிறுத்திவிட்டோம், ஆனால் அனுப்பியது போய்க்கொண்டே இருக்கிறதே என்று யாரோ எழுதினார்கள்.

அப்போது ரவி ஒரு கேள்வி போட்டார். நான் லைனில் இருந்தால் இன்னொருவர் உள்ளே வரமுடியுமா? முடியாது என்றார் பாலு. அப்போ யாராவது ஒருத்தர் எப்பவும் லைனில் இருந்தால்? பாலு பதில் போடுவதற்குள் கலா மேடம் டைம் டேபிள் போட்டுவிட்டார். முப்பத்தைந்து வருடம் பரீட்சை நடத்திய கை. ஆளுக்கு இரண்டு நிமிடம், ஏனென்றால் இரண்டு நிமிடத்தில் பெட்டி தானாகக் கட் செய்துவிடும். உள்ளே போனதும் இரண்டை அமுக்கி மோட்டாரை நிறுத்துவது, பிறகு கடைசி வரை பிடித்துவைத்திருப்பது. ஒருவர் வெளியே வரும்போது அடுத்த மூன்று பேர் தயாராக அடிப்பது.

போர்க்களம் என்றால் அதுதான். சென்னை பிடித்தது, விட்டது. இடையில் ஒரு நல்லவர் புகுந்து ஒன்றை அமுக்கினார். மதுரை பிடித்து நிறுத்தியது. துபாய் பிடித்தது. மறுபடி ஒரு நல்லவர். நான் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மேடம், துபாய் வெளிய வரப்போவுது, உள்ள போங்க, போங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். கண்டக்டர் இரண்டு தடவை கதவைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் விஷயத்தைக் கேட்டு உச்சுக்கொட்டிவிட்டு, அந்த நம்பர் என்ன தம்பி என்று தன் போனை எடுத்தார்.

நடுவில் வசந்தா கூப்பிட்டாள். கட் செய்தேன். மறுபடி கூப்பிட்டாள். மறுபடி கட் செய்தேன். (இதைச் செய்துவிட்டு உயிரோடு இருக்கும் ஒரே நபர் நான்தான் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.)

பஸ் வெட்டிக்காடு தாண்டும்போது ரவி கண்டுபிடித்தார். மூன்றை அமுக்கிக் கரண்ட் எவ்வளவு என்று கேட்டால் அந்தப் பெண் பதில் சொல்கிறாள், இரண்டு நிமிடக் கணக்கு மறுபடி ஆரம்பத்திலிருந்து ஓடுகிறது. கேட்டுக்கொண்டே இருந்தால் கட் ஆகாது. ரவி அப்போது ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தார். போனை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஒரு முறை மூன்றை அமுக்கியபடி, மேனேஜர் கேட்ட கேள்விக்கெல்லாம் தலையாட்டினார். இருபத்தாறு நிமிடம். அந்த இருபத்தாறு நிமிடமும் மோட்டார் அசையவில்லை. எதற்குத் தலையாட்டினோம் என்று தெரியாததில் ஸ்டாக் எடுக்கும் வேலை முழுக்க அவர் தலையில் வந்து விழுந்ததாகப் பிறகு சொன்னார்.

நான் பஸ்ஸில் கண்ணீர் விடாத குறை. அப்போதுதான் பாலு தனியாகப் போன் செய்தார். இவ்வளவு கஷ்டம் எதுக்கு சார், பெட்டி வாங்கும்போது முதலில் கொடுத்த நம்பர் எதுவோ அதிலிருந்து ஒரு மெசேஜ் போட்டால் வேற யார் கூப்பிட்டாலும் ஓடாதபடி பூட்டிவிடலாம், லைனில் ஆள் இருந்தாலும் மெசேஜ் போகும், அது யார் நம்பர் என்று கேட்டார்.

பெட்டி வாங்கிய அன்றைக்கு என் போனில் சார்ஜ் இல்லை. கொடுத்தது வசந்தா நம்பர்.

"வேற வழியே இல்லையா பாலு?"

"இருக்கு சார். ரவி சார் ஆயுசு பூரா லைன்லயே இருக்கணும்."

இதில்தான் என் வீரம் முழுக்க வெளிப்பட்டது. நாற்பத்து மூன்று பேர் ஆறேழு ஊர்களிலிருந்து பாடுபட்டுக்கொண்டிருக்க, நான் ஒரு ஆளுக்குப் போன் போடப் பயந்து இரண்டு ஸ்டாப்பிங் விட்டேன். அந்த இரண்டு ஸ்டாப்பிங்குக்குள் ரவியின் மேனேஜர் அவரை எழுந்து பேசச் சொன்னார். லைன் போனது. நல்லவர்கள் உள்ளே வந்தார்கள். செல்வி அக்கா கூப்பிட்டார். இந்தத் தடவை அவர் திட்டவில்லை. மெதுவாக, "கீழ் மூலையில இறங்கிடுச்சு வாத்தியாரே" என்றார்.

நான் வசந்தாவைக் கூப்பிட்டேன். கும்பகோணத்தில் ஒரு வளைகாப்பில் இருந்தாள். மோட்டார் ஒவ்வொரு முறை ஓடும்போதும் நிற்கும்போதும் அந்த நம்பருக்குத்தான் மெசேஜ் போகுமாம். காலையிலிருந்து அவள் கைப்பை துள்ளிக்கொண்டிருந்திருக்கிறது.

"ஒண்ணும் பெருசா இல்லை வசந்தா."

"நூத்திப் பதினெட்டு மெசேஜ். எத்தனை பேருக்கு நம்பர் குடுத்தீங்க?"

"நாப்பத்து மூணு பேருக்குத்தான்."

"அவங்க?"

"அவங்க கொஞ்சம் பேருக்கு."

அவள் வளையல் சத்தத்தை விட்டு வெளியே வருவது கேட்டது. பிறகு, "செல்வி அக்காவுக்கு இன்னிக்கு அறுப்பு இல்ல?" என்றாள். திட்டு இல்லை. அதுதான் பயமாக இருந்தது. பாலு நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வைத்துவிட்டாள்.

நாலே நிமிடத்தில் பாலுவிடமிருந்து செய்தி வந்தது. பூட்டியாச்சு. அதற்குள் மறுபடி உள்ளே புகுந்து மோட்டாரை நிறுத்திவிட்டு லைனைப் பிடித்திருந்த ரவி, இப்போ நான் வைக்கலாமா என்று குரூப்பில் கேட்டார். வைக்கலாம் என்றார்கள். மேலும் மூன்று நிமிடம் வைக்கவில்லை. நம்பிக்கை வரவில்லையாம்.

நான் வயலுக்குப் போனபோது மணி இரண்டேகால். செல்வி அக்கா முழங்கால் வரை சேறும், கையில் மண்வெட்டியுமாக நின்றிருந்தார். வரப்பு நெடுக வைக்கோலும் மண்ணும் திணித்து, தன் வீட்டுத் தார்ப்பாயை வாய்க்காலில் விரித்திருந்தார். நான் கூண்டைத் திறந்து ஃபியூஸையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தண்ணீர் இறங்கியிருந்தது கீழ் மூலையில் கால் மா அளவுக்கு. வழியில் போனில் எல்லாக் கதையையும் சொல்லியிருந்தேன். அக்கா என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "அந்த மஸ்கட்டுக்காரரு வேலை போயிடலயே?"

சொன்னபடி நாலு மணிக்கு மெஷின் வந்தது. டிரைவர் இறங்கிவந்து, கரையோரம் ஈரத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு வயலுக்குள் நடந்துபோய் ஒவ்வொரு இடமாகக் குதிகாலை ஊன்றி அமுக்கிப் பார்த்தார். நாங்கள் அவர் குதிகாலையே பார்த்தோம். நான் குரூப்புக்கு வீடியோ கால் போட்டிருந்தேன், எத்தனை பேர் சேரமுடியுமோ அத்தனை பேரும் அந்தக் குதிகாலையே பார்த்தார்கள். என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில்கூட நான் அவ்வளவு தெய்வங்களைக் கூப்பிடவில்லை.

"மூலைய விட்டுட்டு மத்தது இறங்கலாம்" என்றார் டிரைவர்.

ரோஜாப்பூக்களும் பேரக்குழந்தைகளுமாக இருந்த கழகம் முதன்முதலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கைதட்டியது. மெஷின் இறங்கியது. டிராக்டர் டிப்பரில் முதல் நெல் கொட்டும்போது ரவி, சத்தம் சரியாகக் கேட்கவில்லை, போனைக் கிட்டே கொண்டுபோங்க சார் என்றார். கொண்டுபோனேன். சட்டையெல்லாம் நெல் சுணை, உடம்பெல்லாம் அரிப்பு. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா ஒரு கை நெல்லை அள்ளிப் போன் கேமராவுக்கு முன்னால் பிடித்து, "பாத்துக்கங்க தம்பி, உங்க புண்ணியத்துல ஒண்ணும் முளைக்கல" என்றார்.

விட்டுப்போன மூலையை அறுக்க அக்கா என் கையில் அரிவாளைக் கொடுத்தார். அதையும் கேஸ்கட் கழகம் நேரலையில் பார்த்தது. நான் அரிவாள் பிடித்த விதத்தைக் கலா மேடம் இரண்டு இடத்தில் திருத்தினார். மூன்றாம் நாள் வரை என்னால் சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை, கரும்பலகையில் வட்டம் போட்டால் முட்டை வந்தது.

வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது, பூட்டும்போது மூன்று நம்பர்களை மட்டும் பதிந்திருக்கிறாள் வசந்தா. ஒன்று அவளுடையது. இரண்டு செல்வி அக்கா. மூன்று, அந்த நிமிடம் லைனில் யார் இருந்தாரோ அவர், ரவி. என்னுது எங்கே என்றேன். பார்க்கலாம் என்றாள். இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் நிலத்தில், என் போரில், நான் வாங்கி மாட்டிய பெட்டிக்கு நான் போன் போட்டால் அந்தப் பெண் கொஞ்சமும் தயங்காமல், 'இந்த எண்ணுக்கு அனுமதி இல்லை' என்கிறாள். அடுத்த போகம் குறுவைக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் மஸ்கட்டுக்குச் சொல்லவேண்டும். ரவி உடனே போட்டுவிடுவதில்லை. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுகிறேன், பத்து நிமிடம் பொறுங்கள் என்பார். நான் வரப்பில் நின்று பொறுப்பேன்.

வீட்டில் பெட்டி சொல்லும் அந்த வாக்கியம் இப்போது குடும்பச் சொத்து. டிவி ரிமோட்டுக்குக் கை நீட்டினால் மகள் சொல்கிறாள். விருந்தாளிகள் எதிரில் நான் உலக விஷயம் பேச ஆரம்பித்தால் மச்சினன் சொல்கிறான். முக்கியமாக, பண்டிகை நாளில் மூன்றாவது அதிரசத்தை எடுக்கும்போது வசந்தா தட்டை நகர்த்திவிட்டு, அச்சு அசலாக அந்தப் பெட்டிக் குரலில், 'இந்த எண்ணுக்கு அனுமதி இல்லை' என்கிறாள். நான் பதறுவதில்லை. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மஸ்கட்டைக் கூப்பிடுகிறேன். ரவி முழு விவரமும் கேட்டுக்கொண்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்ணு குடுத்துடுங்கக்கா" என்பார். அவர் பேச்சை வசந்தா தட்டுவதே இல்லை.